தெற்கு மதிலோரத்து முட்டைப் பைகள்

ரமாபாய் ஒரே இடத்தில் கால்மணி நேரம் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. பஸ்ஸில் சீட்டு காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்து நின்றபடிதான் வருவாள். புளியந்தோப்பில் அவள் பிறந்து வளர்ந்த ஹவுசிங் போர்டு குடியிருப்பை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறோம் என்று காலி பண்ணச் சொன்னார்கள். அதற்குப் பிறகு இரண்டு வருஷத்தில் மூன்று வீடு மாறிவிட்டாள். இப்போது இருப்பது மூலக்கொத்தளம் சுடுகாட்டு மதிலுக்கு எதிர்ச் சந்தில் ஒற்றை அறை. புருஷன் அன்புமணிக்குச் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றி இறக்குகிற வேலை. மகள் மாயா காலேஜில் இரண்டாம் வருஷம். பாதிச் சாமான் கட்டிய மூட்டை கட்டியபடியே கிடந்தது. பிரித்தால் மறுபடி கட்ட வேண்டுமே என்று ரமாபாய் தொடவில்லை.

திருவொற்றியூரைத் தாண்டி மணலி போகிற வழியில் ஒரு கன்டெய்னர் யார்டு. அங்கே ஏழு வருஷமாக அவளுக்குப் பெட்டி சுத்தம் செய்கிற வேலை. யார்டில் கன்டெய்னரைப் பெட்டி என்றுதான் சொல்வார்கள். சரக்கு ஏற்றுவதற்கு முன்னால் காலிப் பெட்டியை நாலு கால் ஸ்டாண்டின் மேல் தூக்கி வைப்பார்கள். உள்ளே, வெளியே, அடியில் என்று மூன்று இடமும் ஒட்டடை தட்டி, தண்ணீர் பீய்ச்சி, டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். தெற்கே கடல் கடந்து போகிற பெட்டிகளில் சிலவற்றுக்குக் கெடுபிடி அதிகம். அவை போய் இறங்குகிற ஊரில் மண் ஒட்டியிருந்தாலும் விட மாட்டார்கள், ஒரு விதை இருந்தாலும் விட மாட்டார்கள். எட்டுக்கால் பூச்சி என்றால் கேட்கவே வேண்டாம். பார்த்து முடித்ததும் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். ரமாபாயும் சிலுவையம்மாளும்தான் அந்த வேலைக்கு. சிலுவையம்மாள் ராயபுரத்துக்காரி, ஐம்பத்தைந்து வயது, இடுப்பு வலிக்காரி. அதனால் பெட்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கிறது எப்போதும் ரமாபாய்தான்.

பொங்கல் கழிந்த வாரம் சூப்பர்வைசர் பென்னி இரண்டு பேரையும் ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டான். மேஜை மேல் ஒரு படம் இருந்தது. பெட்டியை ஃபோர்க்லிஃப்டில் தூக்குவதற்காக அடிப்பாகத்தில் குறுக்காக விட்டிருக்கும் சதுரக் குழாயின் வாய். அதற்குள்ளே கால் சுருண்டு செத்த பழுப்பு எட்டுக்கால் பூச்சி ஒன்று. பக்கத்தில் பத்து ரூபாய்க் காசு அளவுக்கு வெள்ளையாக, தட்டையாக ஏதோ ஒன்று.

"இது முட்டைப் பை," என்றான் பென்னி. "உள்ள இருநூறு முட்டையாம். அந்த ஊர்ல பெட்டியை எறக்க விடல. மருந்துப் புகை அடிச்சு எட்டு நாள் நிறுத்தி வெச்சுட்டாங்க. செக் பண்ண தாள்ல யார் கையெழுத்து, பாரு."

ரமாபாய் பார்த்தாள். அவளுடைய கையெழுத்துதான்.

"நான்தான் சார் பாத்தேன். அன்னிக்கு அந்தக் குழாய்ல ஒண்ணும் இல்ல."

"இல்லாதது எப்டிம்மா வந்துச்சு? கப்பல் ஏறிப் போயா முட்டை வெச்சுது?" பென்னி கெட்டவன் இல்லை. கையில் வாக்கி டாக்கி கத்திக்கொண்டே இருக்க, நாள் முழுக்க நாலு பக்கமும் பதில் சொல்லித் திரிகிறவன். "இன்னொரு தடவ இந்த மாதிரி வந்தா சரக்கு அனுப்புற பார்ட்டி வேற யார்டுக்குப் போய்டுவான். அப்புறம் உங்க ரெண்டு பேரையும் வெச்சுக்க எனக்கு வழி கெடையாது."

வெளியே வந்ததும் சிலுவையம்மாள் சொன்னாள்: "விட்றீ. ஒரு தபா கண்ணு தவறாதா? மனுசப் பிறவிதானே."

"கண்ணு தவறலக்கா. அந்தப் பெட்டி எனக்கு நல்லா ஞாபகம் கீது. கதவாண்ட நசுங்கி இருந்துச்சு. குழாய்ல தோள் வரைக்கும் கையை வுட்டுத் தொடச்சேன்."

திட்டு வாங்கியதை அவள் அன்றைக்கே மறந்துவிட்டாள். துடைத்த குழாயில் முட்டை எப்படி வந்தது என்பதுதான் ஆறவில்லை. வீட்டுக்குப் போய் சோறு வடித்தாள், துணி துவைத்தாள், துவைத்ததையே இன்னொரு முறை அலசினாள். "இன்னாம்மா, அடுப்பை மூணாவது தபா துடைக்கிற?" என்று மாயா கேட்டாள். "போய்ப் படி," என்றாள் ரமாபாய்.

மறுநாளிலிருந்து அவள் முட்டைப் பைகளைத் தேட ஆரம்பித்தாள். முதலில் கழுவுகிற ஷெட்டின் மூலையில், நூல் மாதிரி நீளக் கால் வைத்த ஒரு பூச்சி அகப்பட்டது. ஒட்டடைக் குச்சியை ஓங்கியவள் நிறுத்திக்கொண்டாள். அதன் வாயில் சின்னத் திராட்சைக் கொத்து மாதிரி என்னவோ இருந்தது. குனிந்து டார்ச் அடித்தாள். கொத்து முழுக்க முட்டை. சுற்றிலும் பேருக்கு நாலு இழைதான். குச்சியால் வலையை லேசாக ஆட்டினாள். பூச்சி உடம்பை அதிரவிட்டதே தவிர, வாயிலிருந்ததை விடவில்லை. முட்டை என்றால் எங்கேயாவது ஒட்டி வைத்துவிட்டுப் போய்விடும் என்றுதான் ஏழு வருஷமாக அவள் நினைத்திருந்தாள். கூடவே தூக்கிக்கொண்டு அலைகிற சாதியும் இருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது.

யார்டின் தெற்கு மதில் ஓரிடத்தில் மழையில் சரிந்து கிடந்தது. அதற்கப்பால் கால்வாய்க் கரை வரைக்கும் வேலிக்காத்தானும் எருக்கும் ஆமணக்கும் மண்டிய காடு. நிலம் யார்டு முதலாளியுடையதுதான். சாப்பாட்டு வேளையில் நாலு வாயை நின்றபடியே விழுங்கிவிட்டு ரமாபாய் அந்த இடிந்த மதிலைத் தாண்டிப் போவாள். செருப்பில் முள் ஏறும். கால்வாயிலிருந்து மருந்து வாடை வரும். லாரிகள் ஹாரன் அடித்தபடி இருக்கும். அதெல்லாம் அவளுக்கு உறைக்கவில்லை.

முதல் இரண்டு நாள் ஒன்றும் கண்ணில் படவில்லை. வலை இருக்கிற இடத்திலேயே தேடியதால் வந்த வினை அது. மூன்றாம் நாள் ஒரு எருக்கஞ்செடியில் மடிந்திருந்த இலை ஒன்றைப் பிரித்துப் பார்த்தாள். இலையின் ஓரங்களை வெள்ளை நூலால் தைத்து மூடியிருந்தது. உள்ளே முட்டைப் பையும், அதன் மேல் கவிழ்ந்தபடி வெளுத்த நிறத்தில் தாய்ப் பூச்சியும். வெளிச்சம் பட்டதும் பல்லை விரித்துக்கொண்டு விரலை நோக்கி வந்தது. ரமாபாய் இலையை அப்படியே மடித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். விட்டால் பிரிந்துவிடும். கடைசியில் தலையிலிருந்த ஹேர்பின்னை எடுத்து இலையைக் குத்தி மூடிவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. வேலிக்காத்தான் கிளைகளுக்கு நடுவே ஒரு வட்ட வலை. அதில் மேலிருந்து கீழாகக் கோடு போட்ட மாதிரி குப்பை தொங்கும்: செத்த ஈயின் றெக்கை, சருகுத் துணுக்கு, தூசி. அந்தக் குப்பைகளில் ஒன்றுதான் பூச்சி. மேலே உள்ள மூன்று குப்பைகள் முட்டைப் பைகள். கால்மணி நேரம் பார்த்த பிறகுதான் எது எது என்று அவளால் பிரிக்க முடிந்தது. தரையில் ஓடுகிற இன்னொன்று, மிளகு பருமனுக்கு உருண்டைப் பையைப் பின்னால் ஒட்டி இழுத்துக்கொண்டு ஓடியது. அவள் குச்சியால் பையைத் தட்டிப் பிரித்துவிட்டாள். அது ஓடிப்போகாமல் அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, பையைக் கண்டுபிடித்து மறுபடி ஒட்டிக்கொண்ட பிறகுதான் போனது. தட்டியிருக்க வேண்டாம் என்று அவளுக்கு அன்று முழுக்க இருந்தது.

ஆமணக்குச் செடியிலிருந்த பச்சைப் பூச்சியைத்தான் அவள் அதிகம் பார்த்தாள். கால் முழுக்க முள்மயிர். நுனிக் கிளையில் வைக்கோல் நிறத்தில் பையைக் கட்டி, சுற்றியுள்ள இலைகளுக்கெல்லாம் நூல் இழுத்துவிட்டு, அதன் மேலேயே கவிழ்ந்து தொங்கும். ஒரு நாள் எறும்பு வரிசை ஒன்று தண்டில் ஏறிற்று. முதல் எறும்பு நூலைத் தொட்டதும் பச்சை பாய்ந்து வந்து அதைக் கவ்விக் கீழே எறிந்தது. அடுத்ததையும் எறிந்தது. எறும்பு வந்துகொண்டே இருந்தது. பச்சை பையைத் தாங்கிய நூல்களில் ஒரு பக்கத்தைக் கடித்து அறுத்து, எறும்பு ஏறும் தண்டிலிருந்து பையைத் தள்ளிப் போகவிட்டது. அந்நேரம் மண்துகள் அளவே இருந்த ஒரு குளவி வந்து பையின் மறுபக்கம் உட்கார்ந்தது. பச்சை அந்தப் பக்கம் ஓடியது. சாப்பாட்டு நேரம் முடிந்து சங்கு ஊதினார்கள். ரமாபாய் போக மனசில்லாமல் போனாள்.

"இன்னாமே, காட்டுல புதையலா கீது?" என்றாள் சிலுவையம்மாள்.

"எத்தினி விதமா ஒளிக்குதுங்க தெர்யுமாக்கா? நாம ஒட்டடையைத் தேடிகினு கீறோம். பாதிப் பூச்சிக்கு ஒட்டடையே இல்ல."

"அதுங்க ஒளிச்சா நமக்கு வேலை போவும். அத்த நெனச்சுக்கோ."

பிப்ரவரி கடைசியில் ஒரு நாள் முதல் ஷிஃப்டுக்கு ஐந்தரைக்கே வந்துவிட்டாள். இன்னும் விடியவில்லை. தெற்கு மதிலோரம் ஹைமாஸ்ட் விளக்கின் கீழே சரக்கு ஏற்றி சீல் வைத்த பெட்டிகள் உயரமான கட்டைகளின் மேல் வரிசையாக நின்றன. துறைமுகத்தில் வரிசை கிடைக்கிற வரைக்கும் மூன்று நாள், நாலு நாள் அங்கேதான் நிற்கும். விளக்கைச் சுற்றி இராத்திரி பறந்த வண்டு, அந்து எல்லாம் கீழே உதிர்ந்து கிடந்தன. ஒரு பெட்டியின் அடிக்கம்பியில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்புப் பூச்சி ஒன்று நகர்ந்தது. படத்தில் பார்த்த அதே சாதி. அதன் மார்புக்குக் கீழே வெள்ளைத் தட்டு. இரண்டு முன்கைகளாலும் பல்லாலும் அணைத்துப் பிடித்திருந்தது. ரமாபாய் முட்டி போட்டுப் பார்த்தாள். அது பக்கவாட்டில் இரண்டடி நகர்ந்து, குழாயின் வாய்க்கு வந்து, உடம்பைத் தகடு மாதிரி ஒடுக்கிக்கொண்டு, இரும்பு மடிப்பின் இடுக்கில் நுழைந்துவிட்டது. அவள் சுண்டுவிரல் கூட அந்த இடுக்கில் போகவில்லை. துடைப்பக் குச்சியால் குத்தினாள். இன்னும் உள்ளே போனதே தவிர, பையைக் கீழே போடவில்லை.

அவளுக்கு எல்லாம் விளங்கியது. தான் பார்க்கும்போது பெட்டி சுத்தமாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் கொண்டுபோய்க் காட்டோரம், விளக்கடியில் நிறுத்துகிறார்கள். பூச்சி இரை தேடி வருகிறது. முட்டையோடு இருப்பது இருட்டான இடுக்கு தேடி உள்ளே போகிறது. சீல் வைத்த பெட்டி அப்படியே கப்பல் ஏறுகிறது.

பென்னியிடம் சொன்னபோது அவன் இரண்டு டிரெய்லர்காரர்களின் சண்டையைத் தீர்த்துக்கொண்டிருந்தான். "அப்போ தப்பு உன்னுது இல்ல, யார்டுதுன்றியா?"

"தப்பு யாருதுன்னு நான் சொல்ல வரல சார். பெட்டி நிக்கிற எடம் சரியில்லன்றேன்."

"அப்பறமாப் பேசலாம்."

அவளால் அப்புறம் வரைக்கும் இருக்க முடியவில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் விடியற்காலையில் வந்து மதிலோரத்துப் பெட்டிகள் இருபத்துமூன்றையும் அடியில் புகுந்து பார்த்தாள். பூச்சி இருக்கிற குழாய் வாயில் சாக்பீஸால் வட்டம் போட்டாள். ஆறு வட்டம். பென்னியைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்து முதல் வட்டத்துக்குக் கீழே முட்டி போடச் சொன்னாள். அவன் டார்ச் அடித்தான். பூச்சி வெளிச்சத்தைத் தாண்டி அவன் சட்டைக் கை மேல் ஒரு நொடி நின்றுவிட்டுக் குழாய்க்கே திரும்பி ஓடியது. அவன் கையிலிருந்து விழுந்த டார்ச் உருண்டு போய், கூட வந்திருந்த சிலுவையம்மாள் காலடியில் நின்றது.

"ஆறுலயும் கீதா?" என்று கேட்டான் எழுந்து நின்று. அவன் குரலில் சண்டை இல்லை.

"ஆறுலயும்."

அன்றைக்கே மேலே எழுதி அனுப்பினான். நாலாம் நாள் உத்தரவு வந்தது: தெற்குக் காட்டை ஜேசிபி விட்டுச் சுத்தமாக வழித்துவிட வேண்டும். ரமாபாய் பென்னியிடம் ஓடினாள்.

"நான் பெட்டியைத்தானே சார் நகத்தச் சொன்னேன்? காட்டை அழிக்கச் சொல்லலியே."

"பெட்டியை நகத்த எடம் வேணும், வண்டி வேணும். இது ஒரு நாள் வேலை."

"அழிச்சா அதுங்க எங்க போவும்? எல்லாம் இங்கதான் வரும்."

"ஆர்டர் வந்தாச்சும்மா. நான் இன்னா பண்றது?"

ஜேசிபி வருகிற நாளுக்கு முந்தின மதியம் அவள் சோற்றைத் திறக்கவே இல்லை. ஒரு கத்தரிக்கோலையும் கொஞ்சம் சணலையும் எடுத்துக்கொண்டு மதிலைத் தாண்டினாள். பச்சைப் பூச்சி இருந்த ஆமணக்குக் கிளையைச் சுற்றியுள்ள இலைகளோடு சேர்த்து வெட்டினாள். அதே மாதிரி வேறு இரண்டு கிளை. கால்வாய்க்கு மேலே போன குழாய்ப் பாலத்தைத் தாண்டினால் அந்தப் பக்கமும் புதர்தான். யாருடைய நிலமோ. "பைத்தியமா உனுக்கு? வழுக்கி வுயுந்தா எடுக்கவா முடியும்?" என்று திட்டிக்கொண்டே சிலுவையம்மாள் வந்தாள். வந்தவள் ஒரு கிளையை வாங்கிக்கொண்டாள்.

பாலத்தின் நடுவே காற்று வீசிற்று. பச்சை, நூலைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கியது. ரமாபாய் கிளையை உயர்த்துவதற்குள் நூல் அறுந்து கால்வாய்ப் பக்கம் போய்விட்டது. குனிந்து பார்த்தாள். கறுத்த தண்ணீரும் நுரையும்தான் தெரிந்தன. பை மட்டும் கிளையில் இருந்தது. அக்கரையில் ஒரு முட்செடியில் மூன்று கிளையையும் சணலால் கட்டினாள். மற்ற இரண்டிலும் தாய் இருந்தது. இதில் இல்லை. எறும்பு வந்தால் யார் எறிவது என்று நினைத்தபடி கட்டின முடிச்சையே திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வா போலாம். போதும்," என்றாள் சிலுவையம்மாள்.

ஜேசிபி காலையில் தொடங்கி மாலைக்குள் எல்லாவற்றையும் வழித்துவிட்டது. ரமாபாய் சொன்னதுதான் நடந்தது. மறுநாளே பூச்சிகள் மதிலேறி வந்தன. தரையில் ஓடுகிறவை டிரெய்லர் சக்கரத்துக்கு நடுவே ஓடின. பழுப்புப் பூச்சிகள் பெட்டிகளின் கீழே, கதவு ரப்பரின் மடிப்பில், ஆபீஸ் அறையின் ஃபைல் அலமாரியில் கூட வந்து ஒண்டின. பென்னி ஃபைலை உதறி உதறி எடுத்தான். மூன்றாம் நாள் அவனே ரமாபாயைத் தேடி வந்தான்.

"நீ சொன்ன மாதிரியே பண்ணிடலாம். பெட்டியை எங்க நிறுத்தறது?"

யார்டின் நட்டநடுவில், விளக்கு எட்டாத இடத்தில், சுற்றி வெறும் கான்கிரீட் இருக்கிறபடி நிறுத்தச் சொன்னாள். டிரெய்லரில் ஏற்றும்போது பெட்டியைத் தொங்கவிட்டபடியே அடியில் இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்றாள். இரண்டையும் செய்தார்கள். கூடுதலாக நாலு ஆள் கொடுத்தார்கள். இரண்டு வாரம் அவர்கள் மாடாக உழைத்தார்கள். அந்தக் கடைசிப் பார்வையில் பதினோரு பெட்டியில் முட்டைப் பை அகப்பட்டது. முன்பானால் அவள் எடுத்ததை மதிலுக்கு அந்தப் பக்கம் உதறிவிட்டு வந்திருப்பாள். இப்போது அங்கே வெறும் மண்தான். உதறினால் திரும்பி வந்துவிடும். அதனால் பெயின்ட் டப்பாவில் மருந்து ஊற்றி வைத்துக்கொண்டாள். தாய் பையை விடாது. இரண்டும் சேர்ந்துதான் டப்பாவில் விழும். பதினோரு தடவையும் அவளே போட்டாள். மற்றவர்களிடம் கொடுக்கவில்லை. அந்த நாட்களில் வீட்டில் யாரோடும் அவ்வளவாகப் பேசவில்லை. அன்புமணி ஒரு காலை டீ குடித்தபடி, "வேலை நெலச்சிடுச்சு இல்ல? அப்புறம் இன்னா மூஞ்சை தூக்கி வெச்சிகினு கீற?" என்றான். "தூக்கிலாம் வெச்சுக்கல," என்றாள் அவள்.

ஏப்ரலில் அந்தப் பார்ட்டியிடமிருந்து கடிதம் வந்தது. போன பெட்டி எல்லாம் தடையில்லாமல் இறங்கியதாம். யார்டு எடுத்த நடவடிக்கைக்கு நன்றி என்று இருந்தது. அதில் ரமாபாயின் பெயர் இல்லை. பென்னி அதைப் படித்துக் காட்டிவிட்டு, "உன் பேரைத்தான் எழுதி அனுப்பினேன். மேல வெட்டிட்டாங்க," என்றான். உண்மையோ பொய்யோ, சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியதே போதும் என்று எடுத்துக்கொண்டாள். ஆரஞ்சுச் சட்டை ஒன்று கொடுத்தார்கள். இனிமேல் கடைசிப் பார்வை அவளுடையது, அவள் கை காட்டினால்தான் டிரெய்லர் நகரும்.

அக்கரைக்கு ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்தாள். ஆமணக்குக் கிளைகள் காய்ந்து போயிருந்தன. இரண்டு பை கிழிந்து, பக்கத்து முட்செடி முழுக்கப் பொடிப் பொடியாகப் பச்சைக் குஞ்சுகள் ஊர்ந்துகொண்டிருந்தன. தாய் இல்லாத பையில் ஊசி குத்தின மாதிரி ஒரு ஓட்டை. அது குஞ்சு வெளியே வந்த ஓட்டையா, முட்டையைத் தின்ன குளவி போட்ட ஓட்டையா என்று அவளுக்குத் தெரியவில்லை. மாயாவிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று போனில் படம் எடுத்தாள். காற்றில் கிளை ஆடியதில் படம் தெளிவாக விழவில்லை.

போன மாசம் ஒரு சாயங்காலம், தண்டையார்பேட்டை சிக்னலில் அவள் வந்த பஸ் நின்றது. பக்கத்தில் ஒரு டிரெய்லர். அதன் மேல் வேறெந்த யார்டோ அனுப்பிய பெட்டி. ஜன்னல் வழியாக அதன் அடிக்குழாயின் வாய் தெரிந்தது. ரமாபாய் முண்டியடித்துப் படிக்கு வந்து இறங்கிவிட்டாள். டிரெய்லரின் பக்கத்தில் போய் எக்கி நின்று குழாய்க்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டாள்.

"யம்மா, இன்னா தேடுற அங்க? கையை எடு, சிக்னல் வுயப்போவுது," என்று டிரைவர் எட்டிப் பார்த்துக் கத்தினான்.

"ஒண்ணும் இல்ல. நீ போ," என்றாள்.

கையில் காய்ந்த மண்தான் வந்தது. அந்தப் பக்கத்துக் குழாயைப் பார்ப்பதற்குள் பச்சை விளக்கு விழுந்து வண்டி நகர்ந்துவிட்டது. அது திரும்பித் துறைமுகச் சாலையில் போகும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்தபடி, அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் மூலக்கொத்தளத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.